கற்கச் சென்றவர் கடன்

பொருளைக் கொடுத்தால் குறையும், கல்வியைக் கொடுத்தால் வளரும் என்று பெரியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தச் சொல்லின் உண்மையில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், பெற்ற கல்வியை யாருக்குக் கொடுப்பது, எந்த மண்ணிலிருந்து கொடுப்பது என்னும் வினா நம் வீட்டிலேயே எழும்போது, எளிதாகத் தோன்றிய அவ்வுண்மை சிக்கல் நிறைந்ததாகி விடுகிறது.

சில திங்களுக்கு முன் எங்கள் இல்லத்தில் அவ்வினா எழுந்தது. என் மகள் வயிற்றுப் பேத்தி உலோகப் பொறியியல் பயில்பவள். படிப்பின் ஒரு கூறாக ஆறு மாத காலம் ஜெர்மனியில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிய அவளுக்கு வாய்ப்புக் கிட்டியது. அந்தப் பணியும் பட்டத்திற்குரிய மதிப்பீட்டில் சேரும். வீட்டில் ஒரே ஆரவாரம். ஒருபுறம் கம்பளிச் சட்டை, மற்றொருபுறம் ஊறுகாய், பருப்புப்பொடி. இவற்றுக்கிடையே ஓர் இரவு அவள் என் அருகில் வந்தமர்ந்து கேட்டாள்: "தாத்தா, ஆறு மாதம் முடிந்ததும் மேற்படிப்பு, அதன்பின் அங்கேயே வேலை என்று ஆகிவிட்டால், நான் திரும்பி வராமலே போனால், அது தவறா?"

உடனே விடை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "முதலில் போய் வா, அம்மா. பிறகு பேசலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தப்பித்துக்கொண்டேன் என்பதே உண்மை. அன்று சொல்லத் தவறிய விடையை எண்ணிப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

பிரிவுக்கு எல்லை

கல்விக்காக வீட்டைப் பிரிதல் தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியம் பிரிவுக்குரிய காரணங்களை வகுக்கும்போது ஓதலையும் ஒன்றாக வைத்து எண்ணுகிறது. அதனினும் சுவையானது, கற்பியலில் அது கூறும் கால வரையறை. வேந்தன் பொருட்டு மேற்கொள்ளும் பணிக்கு ஓராண்டுக்குள் எல்லை கட்டிய இலக்கணம், கல்விக்கு மூன்றாண்டு வரை இடம் தருகிறது. அரசன் ஆணைக்குக் கிட்டாத சலுகை கல்விக்குக் கிட்டியிருக்கிறது. ஆயினும் அச்சலுகைக்கும் ஒரு கரை உண்டு. கற்கப் போனவன் வருவான் என்று வீட்டில் ஒருத்தி நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்பதை அந்நூல் மறக்கவில்லை. கல்வி உயர்ந்தது, காத்திருப்பவர் துயரமும் மெய்யானது. இவ்விரண்டையும் ஒருசேர மனத்தில் கொண்டதனாலேயே அவ்வரையறை பிறந்தது எனலாம்.

இன்று நாம் இவற்றுள் ஒன்றை மட்டுமே பேசுகிறோம். பிள்ளையை அனுப்பி மகிழும் பெற்றோர் கல்வியின் உயர்வை மட்டுமே பேசுகின்றனர். அறிவு வளம் நாட்டை விட்டு ஒழுகுகிறதே என்று கவலுறுவோர் பிரிவின் தீமையை மட்டுமே பேசுகின்றனர்.

ஏட்டிலிருந்து உலைக்களத்துக்கு

பொறியியல் மாணவர் தொழிற்சாலைக்குப் போய்ப் பணிபுரிந்தே ஆகவேண்டும் என்னும் எண்ணம் எப்படி வந்தது என்பதை முதலில் காண்போம். அமெரிக்காவில் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் 1906ஆம் ஆண்டு ஹெர்மன் ஷ்னைடர் என்னும் பேராசிரியர் ஒரு புதுமுறையைத் தொடங்கினார். ஒரு வாரம் வகுப்பறை, மறுவாரம் தொழிற்சாலை என மாணவர் மாறிமாறிப் பயின்றனர். முதலில் சேர்ந்தவர் இருபத்தேழு பேர். நூலில் மட்டும் கற்றவனுக்குப் பொருளின் குணம் தெரியாது, பட்டறையில் மட்டும் வளர்ந்தவனுக்குக் காரணம் தெரியாது என்னும் குறையைப் போக்குவதே அவர் நோக்கம்.

அந்தப் பயிற்சி நாட்டெல்லையைக் கடந்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. இரண்டாம் உலகப்போர் ஓய்ந்து மூன்றாண்டுகூட நிறையாத 1948 சனவரியில், இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் பத்து ஐரோப்பிய நாடுகளின் சார்பாளர்கள் கூடினர். தொழில்நுட்பப் பட்டறிவுக்காக மாணவரைப் பரிமாறிக்கொள்ளும் பன்னாட்டுச் சங்கம் அன்று பிறந்தது. பிற நாட்டு இளைஞனோடு ஒரே இயந்திரத்தின் முன் நின்று வேலை பார்த்தவன், அந்நாட்டைப் பகையாகக் கருதுவது அரிது என்னும் நம்பிக்கை அதற்கு அடிப்படை. எனவே வெளிநாட்டுப் பயிற்சி தொடக்கத்திலேயே ஊதியம் தேடும் வழியாக மட்டும் எண்ணப்படவில்லை. மாந்தரை மாந்தர் அறியும் வழியாகவும் எண்ணப்பட்டது.

மீண்டு வந்தவர்கள்

சென்று கற்று மீண்டவர்களுள் இருவரை இங்கு நினைக்கத் தோன்றுகிறது. ஒருவர் ஜப்பானியரான யமாவோ யோசோ. வெளிநாடு செல்வோர்க்கு மரண தண்டனை என்று சட்டம் இருந்த காலத்தில், 1863ஆம் ஆண்டு, நான்கு தோழர்களோடு மறைவாகக் கப்பலேறி இலண்டன் சேர்ந்தார். பின்னர் கிளாஸ்கோ நகரில் பகலெல்லாம் கப்பல் கட்டும் தளத்தில் உழைத்து, இரவில் ஆண்டர்சன் கல்லூரியின் மாலை வகுப்புகளில் படித்தார். தம் நாட்டில் ஆட்சி மாறிய பின் மீண்டவர், தமக்கென ஒரு பதவியைத் தேடுவதோடு நின்றுவிடவில்லை. டோக்கியோவில் ஒரு பொறியியல் கல்லூரி உருவாகப் பாடுபட்டார். 1873இல் அதற்குத் தலைவராக வந்த ஹென்றி டையர் என்னும் இளைஞர், முன்பு அதே ஆண்டர்சன் கல்லூரியின் மாலை வகுப்புகளில் பயின்றவர். ஆறாண்டுப் படிப்பில் இறுதி ஈராண்டும் செய்முறைப் பயிற்சிக்கே என அக்கல்லூரியில் வகுத்தனர். தாம் பட்டறையில் பட்ட பாட்டின் பயனை யமாவோ ஒரு தலைமுறைக்கே பாடமாக்கிவிட்டார்.

மற்றவர் நமக்கு நன்கு அறிமுகமான அப்துல் கலாம். சென்னை எம்.ஐ.டி.யில் சேரக் கட்டணமில்லாதபோது அவருடைய தமக்கையார் தம் நகைகளை அடகு வைத்துப் பணம் தந்தார். 1963ஆம் ஆண்டு அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவில் பயிற்சி பெற அவர் அனுப்பப்பட்டார். வாலப்ஸ் தளத்தின் வரவேற்புக் கூடத்தில் ஓர் ஓவியத்தைக் கண்டார். அதில் இருந்தவை திப்பு சுல்தான் படையின் ஏவுகணைகள். தம் நாட்டில் பலர் மறந்துவிட்ட ஒன்றை அயல்நாட்டுச் சுவரில் கண்டு அவர் வியந்தார். அவ்வாண்டு நவம்பர் 21ஆம் நாள் தும்பாவிலிருந்து முதல் ஏவூர்தி எழும்பியபோது அவர் இந்தியாவில் இருந்தார். 1980 சூலை 18இல் எஸ்.எல்.வி.-3 ஏவூர்தி ரோகிணியைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. அத்திட்டத்தை நடத்தியவரும் அவரே. சில மாதப் பயிற்சிக்கும் அந்த வெற்றிக்கும் இடையே பதினேழு ஆண்டு உழைப்பு கிடக்கிறது என்பதை இளைஞர்கள் மனங்கொள்ள வேண்டும்.

மீளாதவர் தவறினவரா?

அப்படியானால், மீளாதவர்களெல்லாம் கடன் தவறியவர்களா? அவ்வாறு தீர்ப்புக் கூற என் மனம் இசையவில்லை. வானியல் அறிஞர் சந்திரசேகர் 1930இல் இந்திய அரசின் உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றார். அவர் அன்னையார் அப்போது நோயுற்றிருந்தார். இப்சனின் நாடகத்தைத் தமிழில் பெயர்த்த அந்தப் பெண்மணி, தம்மைப் பாராது மகன் போக வேண்டுமென்றே வற்புறுத்தினார். மறு ஆண்டு அவர் மறைந்தபோது மகன் கடல் கடந்த நாட்டில் இருந்தார். சந்திரசேகர் பின்னர் அமெரிக்காவிலேயே தங்கினார். பல ஆராய்ச்சி மாணவர்களை உருவாக்கினார். 1952 முதல் 1971 வரை வானியற்பியல் இதழொன்றின் ஆசிரியப் பொறுப்பைச் சுமந்தார். 1983இல் நோபல் பரிசு பெற்றார். அவர் பெற்றது எங்கோ முடங்கிப் போகவில்லை. ஆயினும் அந்த அன்னையின் இறுதி நாள்களுக்கு எந்தப் பரிசும் ஈடாகாது என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க நமக்குத் தராசு இல்லை.

இவ்விடத்தில் நாம் நம்மையே நோக்கிக்கொள்ள வேண்டும். இம்மலரைப் படிப்பவர் பெரும்பாலோர் பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள், அல்லது அவர்தம் மக்கள். என் தந்தையார் கும்பகோணத்துக்கு அருகில் ஒரு சிற்றூரிலிருந்து வேலை தேடி வடக்கே வந்தவர். மாதம் தவறாமல் மணியார்டர் போயிற்று. பாட்டி இறந்த தந்தி கிடைத்து, இரண்டு நாள் இரயிலில் பயணம் செய்து அவர் வீடு சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதைப் பற்றி அவர் கடைசிவரை பேசியதே இல்லை. விந்தியத்தைக் கடந்தவன் தன் பேத்தியிடம் கடலைக் கடக்காதே என்று சொல்ல என்ன உரிமை பெற்றிருக்கிறான்?

கடனின் இயல்பு

கல்விக் கடன் ஏனைய கடன்களைப் போன்றதன்று. வாங்கியவரிடமே அதைத் திருப்பித் தருதல் இயலாது. ஆசிரியருக்கு மாணவன் எதைக் கற்பித்துக் கடன் தீர்ப்பான்? அது முன்னோக்கி ஓடும் கடன். பெற்றவன் அடுத்தவனுக்குத் தந்தே தீர்க்க வேண்டும். ஜாம்ஷெட்ஜி டாட்டா 1892இல் இந்திய மாணவர் வெளிநாடு சென்று உயர்கல்வி பெற ஓர் அறக்கட்டளை நிறுவினார். அவ்வுதவியைக் கொடையாக வழங்காமல் கடனாகவே வழங்கும்படி அமைத்தார். ஒருவர் திருப்பிச் செலுத்தும் பணத்தில் மற்றொருவர் கப்பலேற வேண்டும் என்பது அதன் பொருள். பணத்துக்கு அவர் வகுத்த விதி அறிவுக்கும் பொருந்தும்.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை, தவறிழைத்து அறிந்தேன். எஃகு ஆலையொன்றில் இளம் பொறியாளனாக இருந்த என்னை 1979இல் மேற்கு ஜெர்மனியின் ரூர் பகுதிக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். உருட்டாலைக்குப் போகுமுன் எஃகுப் பாளங்களைச் சுமார் 1,200 பாகை செல்சியசுக்குச் சூடேற்றும் உலையில் எனக்கு வேலை. உலையில் பதித்த வெப்ப உணரிகள் நாளடைவில் தேய்ந்து பிழையாகக் காட்டும். ஆகவே மணிக்கொரு முறை ஒளி வெப்பமானியால் நேரில் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஓர் இரவுப் பணியில் உறக்கக் கலக்கத்தில் நான் பாராமலே முந்தைய மணியின் எண்ணையே சிறிது மாற்றி எழுதிவிட்டேன்.

அங்கே பணித்தலைவரை மைஸ்டர் என்பார்கள். ஒருவர் மைஸ்டராவதற்குத் தொழில் தெரிந்தால் மட்டும் போதாது. இளம் பயிற்சியாளர்க்குக் கற்பிக்கத் தெரியும் என்பதையும் தேர்வில் காட்டியாக வேண்டும். எங்கள் மைஸ்டர் அறுபதை நெருங்கியவர். பதிவேட்டைப் பார்த்தார்; என் முகத்தைப் பார்த்தார்; ஒன்றும் சொல்லாமல் வெப்பமானியைக் கையில் தந்து உலை வாயிலுக்கு அழைத்துச் சென்றார். பார்த்தேன். நான் எழுதியதற்கும் உண்மைக்கும் நாற்பது பாகை வேறுபாடு. என் எண்ணை ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, என்னையே கையெழுத்திடச் செய்தார். "நீ பொய்யாக எழுதிய எண்ணை நம்பித்தான் அடுத்தவன் உருட்டுவான்" என்றார். அதன்பின் யாரிடமும் அதைப் பற்றி அவர் பேசவில்லை. எஞ்சிய காலமெல்லாம் என்னை முன்னிலும் அக்கறையாகவே கற்பித்தார்.

நாடு திரும்பிப் பத்தாண்டு கழிந்தது. என் கீழ்ப் பயிற்சி பெற்ற ஓர் இளைஞன் அதே தவற்றைச் செய்தான். அதே போன்ற பதிவேடு, அதே இரவு நேரம். நான் அவனை உலை வாயிலுக்கு அழைத்துச் செல்லவில்லை. பலர் முன்னிலையில் கடிந்துவிட்டு மேலிடத்துக்கு எழுதினேன். அவன் பயிற்சிச் சான்று ஓராண்டு தள்ளிப்போயிற்று. சிற்றூரிலிருந்து வந்தவன்; அவன் ஊதியத்தை நம்பி ஒரு குடும்பம் இருந்தது. விதிப்படி நான் செய்தது சரியே. ஆனால் அன்றிரவு வீடு திரும்பும் வழியில் அந்த மைஸ்டரின் முகம் நினைவுக்கு வந்தது. ஜெர்மனியில் கற்ற உருட்டாலை நுட்பங்களையெல்லாம் நாட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். அதற்காகப் பாராட்டும் பெற்றேன். அங்கு எனக்குக் கிடைத்தவற்றுள் மிகச் சிறந்ததை மட்டும் சுங்கச் சாவடியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்! அந்த இளைஞனைப் பின்னொரு நாள் தேடிச் சென்று என் வருத்தத்தைச் சொன்னேன். அவன் பெருந்தன்மையோடு சிரித்தான். அவன் இழந்த ஓராண்டை என்னால் திருப்பித் தர இயலவில்லை.

திரும்பி வருவதனால் மட்டும் கடன் தீர்ந்துவிடாது என்பதற்கு நானே சான்று.

நாம் செய்யும் பிழைகள்

இளைஞரைக் குறை கூறுமுன் பெற்றோராகிய நாம் இரண்டு செய்திகளை எண்ணிப் பார்க்க வேண்டும். முதலாவது, வாய்மை. அமெரிக்காவுக்கு மாணவ விசா வேண்டுவோர் படிப்பு முடிந்ததும் தாயகம் திரும்பும் எண்ணமுடையவர் எனத் தூதரக அலுவலர்முன் காட்டியாக வேண்டும். வீட்டில் நாம் பேசுவது ஒன்று. அந்தச் சாளரத்தின் முன் சொல்லும்படி பிள்ளைக்குப் பயிற்றுவிப்பது வேறொன்று. மனம் பின்னால் மாறுவது இயல்பு, அது பொய்யாகாது. போகும்போதே ஒன்றை நினைத்து மற்றொன்றைச் சொல்லக் கற்பித்தால், உயர்கல்வியின் வாயிற்படியிலேயே அவனைப் பொய்ப் பதிவேடு எழுதப் பழக்குகிறோம். என் நாற்பது பாகைப் பொய்க்கும் இதற்கும் வேற்றுமை என்ன?

இரண்டாவது, கைத்தொழிலின் மதிப்பு. அங்கே போன நம் பிள்ளைகள் தம் பாத்திரத்தைத் தாமே கழுவுகிறார்கள். பட்டறை மேசையைத் தாமே துடைக்கிறார்கள். தொழிலாளியோடு ஒரே மேசையில் உணவு கொள்கிறார்கள். அதைப் பெருமையாக நமக்கு எழுதவும் செய்கிறார்கள். விடுமுறைக்கு வந்தவுடன் உண்ட தட்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. தெருக் கூட்டுபவருக்குத் தனிக் குவளையில் தேநீர் தரும் வழக்கத்தை அவர்கள் கண்டும் காணாதவர்போல் இருக்கிறார்கள். அந்த வழக்கத்தை வைத்திருப்பவர்கள் நாமே. கடல் கடந்து கற்ற சமத்துவம் நம் வாயிற்படியைக் கடக்க இயலாதெனில், அக்கல்வியால் யாருக்கு என்ன பயன்?

பேத்திக்கு ஒரு விடை

என் பேத்தி இப்போது அங்கே இருக்கிறாள். ஞாயிறுதோறும் பேசுகிறாள். அவளுக்கு இப்போது விடை சொல்லலாம் என்று தோன்றுகிறது.

அம்மா, உனக்கு மூன்று கடன்கள் உண்டு. உனக்குக் கற்பிக்கும் அந்த நாட்டாருக்கு நேர்மையான உழைப்பைத் தருவது முதற் கடன். அதை அங்கேயே, அன்றன்றே தீர்த்துவிடலாம். உன்னை அனுப்பியவர்களுக்குத் தர வேண்டியது இரண்டாவது. உன் கல்லூரி மக்களின் வரிப்பணத்திலும் நடப்பது. அந்த வரியைச் செலுத்தியவர்களுள் கல்லூரி வாயிலையே காணாதவர் பலர். உன் தாயும் தந்தையும் நாளை முதுமை அடைவர். பணம் அனுப்பிவிட்டால் இக்கடன் தீரும் என்று எண்ணாதே. என் தந்தையாரின் மணியார்டர் அதைத் தீர்க்கவில்லை. எங்கே தேவை மிகுதியோ அங்கே உன்னை இழுக்கும் உரிமையும் மிகுதி என்பதை மட்டும் மறவாதே. உனக்குப் பின் வரும் ஒரு பிள்ளைக்கு உலை வாயிலில் நின்று பொறுமையாகக் கற்பிப்பது மூன்றாவது கடன். அதை எந்த நாட்டிலிருந்தும் தீர்க்கலாம். எந்த நாட்டிலிருந்தும் தவறவும் விடலாம். நான் தாய்நாட்டில் இருந்துகொண்டே தவறவிட்டேன்.

திரும்பி வராமை தவறாகாமல் போகலாம். திரும்பிப் பாராமை தவறே. வருவதாயின் அங்கு கற்றவற்றுள் சிறந்ததைச் சுங்கச் சாவடியில் விட்டுவிடாமல் கொண்டு வா. தங்குவதாயின் அம்முடிவை உன் தாயிடம் முதலில் நேராகச் சொல். மூன்று ஆண்டு என்று பழைய இலக்கணம் சொன்ன எல்லையை நான் உனக்கு விதிக்க மாட்டேன். எல்லை ஒன்று உண்டு என்றும், இங்கே நாள் எண்ணிக்கொண்டிருப்பவர் உண்டு என்றும் நீ நினைவில் வைத்தால் எனக்கு அது போதும்.

நம் சங்கத்தில் கற்று முதிர்ந்த பொறியாளர்கள் பலர் இருக்கிறார்கள். வெளிநாடு செல்லும் பிள்ளைகளுக்கு மாலையிட்டு வழியனுப்பும் விழாவை நாம் ஆண்டுதோறும் நடத்துகிறோம். நல்லது. சங்கக் கட்டடத்தின் பின்புறத் தெருவில் தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாலையில் ஒரு மணி நேரம் அவர்களுக்குக் கணக்கும் வரைபடமும் சொல்லித்தர நம்முள் நால்வர் முன்வந்தால் போதும். வரும் திங்கட்கிழமை முதல் நான் போகிறேன். ஓராண்டுக் கடன் எனக்குப் பாக்கி இருக்கிறது.